லோர்ஸ்கியின் இரண்டு குரல்கள்

போர் முடிந்து மூன்று வருஷம் ஆகியும் வார்சா செங்கல் குவியலாகவே கிடந்தது. அதனால் பாடத் தெரிந்தவன், பாடத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவன் இரண்டு பேருமே வூட்ச் நகரத்துக்கு வந்து குவிந்திருந்தார்கள். கூரையுள்ள உணவகங்கள் அங்கேதான் மிச்சமிருந்தன. அந்தக் கூட்டத்தில் முண்டியடிக்கத் தேவையில்லாத ஆள் செவெரின். பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் 'கறுப்பு அன்னம்' உணவகத்தின் வாசலில் அவனுக்குத் தனிப் பலகையே வைத்திருந்தார்கள்: "வித்தோல்த் லோர்ஸ்கி. 'சாம்பல் நிறக் கையுறை' பாடியவர்."

பலகையில் முதல் வரியும் பொய், இரண்டாம் வரியும் பொய்.

பெயர் பொய்யானதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அவன் குடும்பப் பெயர் பாலுக். அந்த ஊர்ப் பேச்சில் கால் கட்டைவிரல் என்று அர்த்தம். கட்டைவிரல் பாடுகிற டாங்கோப் பாட்டைக் கேட்டு எந்தப் பெண் கண்ணீர் விடுவாள்? போருக்கு முன்னால் வார்சாவில் இருந்த ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி அவனுக்கு லோர்ஸ்கி என்ற பெயரைக் கொடுத்தது. கொடுத்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, வாடகைக்கு விட்டது. பாடகன் பெயரெடுத்துவிட்டால் கூலி கூட்டிக் கேட்பான், அடுத்த கம்பெனிக்கு ஓடுவான். பெயர் கம்பெனியுடையது என்றால், ஓடுகிறவன் வெறும் தொண்டையோடுதான் ஓட வேண்டும். ஆகவே அன்றைக்கு யார் வந்து பாடினாலும் தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்தில் லோர்ஸ்கி என்றே அச்சடித்தார்கள்.

அப்படி லோர்ஸ்கியாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் செவெரின். இன்னொருவன் மௌரிசி ஷஃப்ரான் என்ற யூதன். குள்ளமான மனிதன், மைக் எட்டுவதற்கு ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பாடுவான். 'சாம்பல் நிறக் கையுறை' அவன் பாடியது. அந்த வருஷம் தையற்காரனிலிருந்து டிராம் கண்டக்டர் வரை நாடே அதை முணுமுணுத்தது. செவெரின் பாடிய 'மழையில் ஒரு நாற்காலி'யைக் கம்பெனி முதலாளியின் மாமியார்கூட வாங்கவில்லை.

அப்புறம் போர் வந்தது. மௌரிசியை மற்ற யூதர்களோடு மதிலுக்குள் அடைத்தார்கள். பிறகு ரயிலில் ஏற்றினார்கள். அவன் திரும்பவில்லை. கம்பெனி எரிந்து சாம்பலானது. போருக்குப் பின் செவெரின் முதன்முதலாக மேடை ஏறிய அன்று ஒரு குடிகாரன் கீழேயிருந்து, "லோர்ஸ்கி! கையுறை பாடு!" என்று கத்தினான். செவெரின் பசியில் இருந்தான், பாடினான். கைதட்டல் அடங்கவில்லை. அன்றிலிருந்து 'அதைப் பாடியது நான்' என்று அவன் வாயால் சொன்னதில்லை. 'நான் இல்லை' என்றும் சொன்னதில்லை. ஊர் சொல்லிற்று, இவன் தலையை மட்டும் ஆட்டினான். தலையாட்டுவது பொய் சொன்ன கணக்கில் வராது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

உண்மை தெரிந்து உயிரோடு இருந்தவன் இன்னொருத்தன்தான், க்ளெமென்ஸ். இரண்டு தட்டுக்கும் பியானோ வாசித்தவன். இப்போதும் செவெரினுக்கு வாசிக்கிறவன். அவனுக்கும் அந்தப் பலகையால்தான் சோறு.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், நாற்காலிகளை எல்லாம் மேஜைமேல் கவிழ்த்துத் தரை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். கூடவே பத்து வயதுச் சிறுமி. யாரோ பெரியவளுடைய கோட்டைப் போட்டிருந்தாள், கைகள் வெளியே தெரியவில்லை.

"லோர்ஸ்கி சார் நீங்கதானே? எம்பேரு ரெஜினா. ஊருக்கு வெளிய யூதக் குழந்தைங்க விடுதி இருக்கில்ல, அதைப் பாத்துக்கறேன். இவ மிர்கா. மிர்கா ஷஃப்ரான்."

செவெரினுக்குத் திருடனைத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று. கத்தவும் முடியாது, தடவிக்கொள்ளவும் முடியாது. பியானோவில் விளையாட்டாக எதையோ தட்டிக்கொண்டிருந்த க்ளெமென்ஸின் விரல்கள் நின்றன.

"இவ அப்பா இசைத்தட்டுல பாடினவராம்," என்றாள் ரெஜினா. "மூணு வயசுல இவள மட்டும் மதிலுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. கன்னியாஸ்திரீங்க ஒளிச்சு வெச்சு வளத்தாங்க. முகமும் ஞாபகமில்ல, குரலும் ஞாபகமில்ல. ஒரு போட்டோகூட இல்ல. அவரும் லோர்ஸ்கிங்கற பேர்லதான் பாடினாருன்னு ஒருத்தர் சொன்னாரு. ஒரே பேர்ல ரெண்டு பேர் எப்படிப் பாடுவாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஏப்ரல் கடைசியில நாங்க எல்லாரும் இந்த நாட்ட விட்டே கப்பல் ஏறிடுவோம் சார். அதுக்குள்ள அப்பா குரல ஒரு தடவ கேட்டுடணுங்கறா."

சிறுமி செவெரினின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எதுவோ ஒளிந்திருக்கிறது என்பதுபோல.

அன்று காலையில்தான் வானொலி நிலையத்திலிருந்து ஆள் வந்து போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. 'கையுறை' தட்டைப் போடுவார்கள், பாடியவரோடு பேசுவார்கள், நாடு முழுக்கக் கேட்கும். அதற்குப் பின்னால் புதுத் தட்டு, புது ஒப்பந்தம். செவெரினுக்கு நாற்பத்தாறு வயது. பாதிப் பல் கட்டியது. வேறு தொழில் தெரியாது. அந்தத் தட்டு தன்னுடையது இல்லை என்றால் நாளைக்கே அந்தப் பலகையில் வேறு பெயர் ஏறிவிடும்.

"மௌரிசியத் தெரியும்," என்றான். "ரெண்டு பேரும் ஒரே பேர்லதான் பாடினோம், அப்ப கம்பெனி வழக்கம் அது. அவர் பாடின தட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்கம்மா."

அவர்கள் போனபிறகு க்ளெமென்ஸ் பியானோவின் மூடியைச் சாத்தினான்.

"எந்தத் தட்டுடா குடுக்கப் போற?"

"அவனோடதத்தான். பின்ன?"

"குடுத்துட்டு ஞாயித்துக்கிழம ரேடியோவுல போயி என்ன சொல்லுவ? 'கேளுங்க மக்களே, இது செத்துப்போன ஷஃப்ரான், நான் வெறும் கட்டைவிரலு'ன்னா?"

"வாய மூடுறா."

"நான் மூடிட்டுத்தானே இருக்கேன் மூணு வருஷமா," என்று க்ளெமென்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

செவெரினிடம் இரண்டு தட்டுகளும் இருந்தன. பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்தவை. மறுநாள் அவன் மௌரிசியின் தட்டைத்தான் எடுத்தான், அதை மறுக்க முடியாது. துணியால் துடைத்துக் கிராமபோன் பக்கத்தில் வைத்தான். ஆனால் மாடிப்படியில் சிறுமியின் காலடி கேட்டதும் அதை அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு 'மழையில் ஒரு நாற்காலி'யை எடுத்து வைத்தான். கை தானாகச் செய்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பாவம் கை! பழியைப் போட அதுதான் வாகாகக் கிடைத்தது.

ஊசியை வைத்தான். வயலின்கள் ஆரம்பித்தன. அந்தக் காலத்து டாங்கோத் தட்டுகளில் பாடகன் லேசில் வரமாட்டான். வாத்தியக்காரர்கள் பாதித் தட்டைத் தின்ற பிறகு நடுவில் நாலு வரி பாடுவான், போய்விடுவான்.

"அப்பா எப்ப வருவாரு?" என்றாள் மிர்கா.

"கொஞ்சம் பொறு கண்ணு. இப்ப வந்துடுவாரு."

வந்தது செவெரினின் குரல். பதினோரு வருஷத்துக்கு முந்தைய அவன் குரல். கொஞ்சம் மூக்கால் பாடுவது, மேலே போகும்போது நடுங்குவது எல்லாம் அப்படியே இருந்தது. சிறுமி கோட்டுக் கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்துக் கிராமபோன் பெட்டியின் மரத்தில் வைத்துக்கொண்டாள். தட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் மறுபடி.

"அப்பாவுக்கு அன்னிக்கு சளி புடிச்சிருந்துதா?" என்று கேட்டாள். "மூக்கடைச்ச மாதிரி இருக்கே."

"இருக்கலாம்," என்றான் செவெரின்.

"பாவம் அப்பா. சளியோட எவ்வளவு நல்லாப் பாடியிருக்காரு!"

ரெஜினா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். செவெரினுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. தரை பிளக்கவில்லை. அப்பா எப்படி இருப்பார் என்று சிறுமி கேட்டாள். அதற்கு மட்டும் அவன் உண்மையாகவே பதில் சொன்னான். குள்ளம், ஆனால் தோள் அகலம். மரப்பெட்டிமேல் நின்று பாடுவார். பாடி முடித்ததும் எல்லோருக்கும் சிகரெட் கொடுப்பார், தான் பிடிக்கமாட்டார். உன்னைப்பற்றித்தான் எப்போதும் பேச்சு, உனக்குப் பல் முளைத்த அன்று ஒத்திகைக்கே வரவில்லை. எல்லாம் நிஜம். ஒரு பொய்யைக் காப்பாற்ற இத்தனை நிஜத்தைச் செலவழித்தான்.

தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தபோது ரெஜினா அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கடவுள் உங்களுக்கு நல்லது செய்வாரு சார்."

செவெரின் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. வீட்டுக்காரி வைத்துவிட்டுப் போன பீட்ரூட் சூப் ஆறி ஏடு கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தட்டைப் போட்டார்கள். மௌரிசி பாடினான். அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, எவ்வளவு பெரிய பாடகன் என்று செவெரினுக்குப் பொறாமையே வந்தது. செத்தவன்மேல் பொறாமை. அறிவிப்பாளர், "இதைப் பாடும்போது உங்கள் மனசில் என்ன இருந்தது?" என்று கேட்டார். இதற்குத் தலையாட்டினால் வானொலியில் கேட்காது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. "என்னை விட்டுப் போன ஒருத்தியை நினைத்துக்கொண்டுதான் பாடினேன். கடைசி வரியில் எனக்கே அழுகை வந்துவிட்டது" என்றான். சொல்ல ஆரம்பித்த பிறகு அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

அன்று மாலை உணவகத்தில் தேநீர் நடனம், தேநீரோடு பாட்டும் ஆட்டமும். மிர்கா ரெஜினாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முதல் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"மாமா! விடுதியில எல்லாரும் ரேடியோ கேட்டோம்! உங்க பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு எங்கப்பா பாட்டுத்தான் பிடிக்கும். கோவமா?"

"இல்லம்மா."

தான் அவளுக்கு மாமா ஆகிவிட்டதை அவன் கவனித்தான். மேடை ஏறி ஏதோ ஒரு பாட்டைப் பாடினான். கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. சிறுமி மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் இறங்கி வந்ததும் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க ரேடியோவுல வேற மாதிரி இருந்தீங்க. நேர்ல அப்படியே எங்கப்பா மாதிரி பாடறீங்க. அவர்கிட்டயா கத்துக்கிட்டீங்க?"

க்ளெமென்ஸுக்கு இருமல் வந்துவிட்டது. செவெரின் அவன் பக்கம் திரும்பாமலே, "ஆமா கண்ணு" என்றான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் வந்தாள். அதே மேஜை, மூடிய கண். ஒரு குழந்தை தன் குரலில் அப்பனைத் தேடிக்கொண்டிருக்கும்போது பாடுவது எவ்வளவு கொடுமை என்று செவெரினுக்குத் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டி எரிந்தது. ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டான். வானொலியிலிருந்து வந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். மௌரிசிக்குப் பெண்டாட்டி இல்லை, வீடு இல்லை, கல்லறைகூட இல்லை. மிச்சமிருந்தது நாலு வரி. அதையும் அவன் பெண்ணிடமிருந்து தட்டிப் பறித்தாயிற்று.

"ரெஜினா அம்மா காதுல நான் போட்டு வெக்கட்டுமா?" என்று க்ளெமென்ஸ் ஒருநாள் கேட்டான்.

"வேணாம். நானே சொல்றேன்."

"எப்ப? கப்பல் டான்சிக் துறைமுகத்தத் தாண்டினப்புறமா? நானும் உன் சோத்தத் தின்னு தின்னு ஊமையாயிட்டேன்டா. ரெண்டு பேரும் சேந்துதான் அவனக் கொள்ளையடிச்சுட்டிருக்கோம்."

குழந்தைகள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் செவெரின் அலமாரிக்குப் பின்னாலிருந்து மௌரிசியின் தட்டை எடுத்தான். டிராமில் கடைசி நிறுத்தம் வரை மடியில் வைத்துக்கொண்டே போனான். சொல்லிவிட்டால் மிர்கா நேரே ரெஜினாவிடம் சொல்வாள், ரெஜினா ஊரில் சொல்வாள், பலகை இறங்கும். இறங்கட்டும் என்று நினைத்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு மூச்சு நன்றாக வந்தது.

விடுதியின் சாப்பாட்டுக்கூடம் முழுக்க மூட்டைகளும் கயிறுகளுமாகக் கிடந்தது. மூலையில் ஒரு கிராமபோன். மிர்கா ஓடிவந்தாள். ரெஜினா பின்னாலேயே ஒரு பையை மடித்துக்கொண்டே வந்தாள்.

"மிர்கா, நான் உனக்குத் தப்பான தட்டக் குடுத்துட்டேன்," என்றான். "தெரிஞ்சேதான் குடுத்தேன். அது நான் பாடினது. உங்கப்பா பாடினது இது."

ஊசியை வைத்தான். வயலின்கள் முடிந்து மௌரிசி வந்தான். கூடத்தில் இருந்த மற்றக் குழந்தைகள்கூட மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அப்படிப்பட்ட குரல். மிர்கா மட்டும் சிரித்தாள்.

"இது கையுறைப் பாட்டு மாமா. ரேடியோவுல வந்ததுதானே? இது நீங்க."

"இல்லம்மா, இதுதான் உங்கப்பா."

"நீங்கதானே சொன்னீங்க ரேடியோவுல? யாரையோ நினைச்சுப் பாடினேன், அழுகை வந்துடுச்சுன்னு. நான் கேட்டேனே. இவ கேட்டா, அவன் கேட்டான், எல்லாரும் கேட்டோம்."

"பொய் சொன்னேன்."

"ரேடியோவுல போயி யாராவது பொய் சொல்லுவாங்களா?" என்றாள் அவள். அவளுக்கு அது நிஜமாகவே விளங்கவில்லை.

"கேளு கண்ணு. கேட்டாலே தெரியுமே. நீதான் சொன்னியே, நான் நேர்ல பாடினா அந்தத் தட்டு மாதிரியே இருக்குன்னு. ஏன்னா அது நான்தான்..."

"நீங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டீங்க. நீங்களே சொன்னீங்க."

தான் சொன்ன ஒவ்வொன்றும் எதிரே வந்து நின்று சாட்சி சொல்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ரெஜினாவைப் பார்த்தான். அவள் முகம் இறுகிவிட்டிருந்தது.

"சார், தட்டு திரும்ப வேணும்னா என்கிட்ட நேரா கேளுங்க. கிளம்பற நேரத்துல குழந்தைகிட்ட இப்படியெல்லாம் பேசாதீங்க."

"ஐயோ, அதுக்கில்லம்மா. க்ளெமென்ஸக் கேளுங்க, பியானோக்காரன், அவனுக்குத் தெரியும்."

"உங்ககிட்ட வேல பாக்கறவரா? நீங்க சொல்றதத்தானே அவரும் சொல்லுவாரு."

மிர்காவின் உதடு துடித்தது. ஆனால் அவள் அழவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு பாட்டு இருக்கு மாமா. எவ்வளவு பேர் கை தட்டறாங்க. எங்கப்பாவுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நீங்களே எடுத்துக்கணுமா?"

கேட்டுவிட்டு, கிராமபோனுக்குப் போய் ஊசியைத் தூக்கினாள். மௌரிசி வரியின் நடுவில் நின்றுபோனான். பெற்ற மகளே நிறுத்தினாள். செவெரினுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நின்றான்.

அவனுடைய முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது போலும். கிட்டே வந்தாள்.

"சரி, சண்ட வேணாம். நாளைக்குப் போயிடுவேன். நாற்காலிப் பாட்ட ஒரு தடவ பாடுங்க மாமா. அப்பா மாதிரியே."

மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. பாடினான். வாத்தியம் எதுவும் இல்லாமல், அந்தக் கூடத்தின் நடுவில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினான். இரண்டாவது வரியிலேயே அவள் கையை உயர்த்தினாள்.

"இல்ல மாமா. 'நனைந்தாலும்'ங்கற இடத்துல அப்பா நீளமா இழுப்பாரு. நீங்க சீக்கிரமா விட்டுடறீங்க."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு அந்த மூச்சு இருந்தது. இப்போது இல்லை. மறுபடி எடுத்தான், கழுத்து நரம்பு புடைக்க இழுத்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"கொஞ்சம் பரவாயில்ல," என்றாள். "ஆனாலும் அப்பா அளவுக்கு வராது."

பிறகு அவன் கொண்டுவந்த தட்டைக் கிராமபோனிலிருந்து எடுத்தாள். தன் கோட்டுக் கையால் தூசி துடைத்தாள். மூட்டை கட்ட வைத்திருந்த காகிதத்தில் நல்லதாக ஒன்றைத் தேடி, மூலைகளை மடித்து, கயிறு போட்டு இரட்டை முடிச்சுப் போட்டாள். தன் அப்பாவின் தட்டை எப்படிக் கட்டி வைத்திருந்தாளோ அதே அக்கறையோடு கட்டி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பத்திரமாக் கொண்டு போங்க மாமா. உடைஞ்சா அப்புறம் உங்க குரல யாரும் கேக்க முடியாது."

செவெரின் வாங்கிக்கொண்டான்.